குப்பைக்குப் போகாத குள்ளர்கள்

வால்ட் டிஸ்னியின் ‘ஸ்நோ ஒயிட் அண்ட் தி செவன் ட்வார்ஃப்ஸ்’ 83 நிமிடம் ஓடும் படம். விநாடிக்கு 24 பிரேம் என்று கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1,20,000 பிரேம்கள். ஒவ்வொரு பிரேமுக்கும் அடியில் ஒரு பின்னணி ஓவியம் இருக்கும். அதன்மேல் கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். கதாபாத்திரங்கள் அந்தத் தாள்களில்தான் இருக்கும். மேலே பொருத்திய கேமரா ஒருமுறை படம் பிடித்ததும் தாளை எடுத்துவிட்டு அடுத்ததை வைப்பார்கள். பெரும்பாலும் ஒரு தாளின் மொத்த ஆயுள் ஒன்றிரண்டு பிரேம்தான். அதாவது அதிகம்போனால் விநாடியில் 12-ல் ஒரு பங்கு.

இந்தத் தாளுக்குத் தொழிலில் ‘செல்’ என்று பெயர். ஏர்ல் ஹர்ட் என்ற அமெரிக்கர் 1914-ல் இந்த முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதற்குமுன் மரம், வீடு, மலை எல்லாவற்றையும் ஒவ்வொரு தாளிலும் திரும்பத் திரும்ப வரைய வேண்டியிருந்தது. செல் வந்தபின் பின்னணியை ஒருமுறை வரைந்தால் போதும், அசைவது மட்டும் மாறும். கார்ட்டூன் ஒரு தொழிற்சாலைப் பொருளாக மாற இதுவே காரணம். தொழிற்சாலை என்றால் கழிவும் உண்டு. படப்பிடிப்பு முடிந்த செல்லைத் தண்ணீரில் கழுவி, வண்ணத்தை நீக்கி, மறுபடி பயன்படுத்துவது 1930-களில் சர்வசாதாரணம். பின்னாளில் பக்ஸ் பன்னி படங்களால் புகழ்பெற்ற சக் ஜோன்ஸ் இத்துறைக்குள் நுழைந்ததே செல் கழுவுபவராகத்தான்.

அப்படிக் கழுவப்பட்டிருக்கக்கூடிய ஒரு தாள் 1991-ல் நடந்த ஏலத்தில் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. இடையில் என்ன நடந்தது என்பதில்தான் சுவாரசியம்.

முதலில் செல் எப்படி உருவானது என்று பார்க்கலாம். அனிமேட்டர் தாளில் பென்சிலால் வரைவார். அந்தப் படம் ‘இங்க் அண்ட் பெயின்ட்’ பிரிவுக்குப் போகும். லாஸ் ஏஞ்சலிஸில் ஹைபீரியன் அவென்யூவில் இருந்த பழைய டிஸ்னி ஸ்டூடியோவில் இந்தப் பிரிவு முழுக்கப் பெண்களின் இடம். மிகச் சில விதிவிலக்குகள் தவிர, பெண்களுக்கு அனிமேட்டர் வேலை கொடுக்கப்படாத காலம் அது. பென்சில் படத்தின்மேல் செல்லை வைத்து, மெல்லிய நிப்பால் கோடுகளை நகலெடுப்பார்கள். வெள்ளைப் பருத்திக் கையுறை அணிந்திருப்பார்கள். எழுதும் விரல்கள் தடையின்றி அசைய வேண்டும் என்பதற்காக அந்த விரல்களின் உறையை மட்டும் வெட்டி விட்டிருப்பார்கள். கைவியர்வை பட்டால் இங்க் பிடிக்காது.

‘ஸ்நோ ஒயிட்’டில் கோடுகள் வெறும் கறுப்பில் இல்லை. கன்னத்துக்கு ஒரு பழுப்பு, உடைக்கு இன்னொரு நிறம் என்று அந்தந்தப் பகுதிக்கேற்ற வண்ண இங்க். கோடு மெல்லியதாகத் தொடங்கி, வளைவில் தடித்து, மறுபடி மெலிந்து முடியும். இங்க் காய்ந்ததும் செல்லைத் திருப்பிப் பின்பக்கத்தில் வண்ணம் நிரப்புவார்கள். அதனால் முன்பக்கம் பார்த்தால் தூரிகைத் தடமே இல்லாத சமமான நிறம். பின்பக்கம் பார்த்தால் ஓரங்களில் மேடுபள்ளமாகத் திட்டுத்திட்டாக அப்பிய பெயின்ட். செல்களை அடுக்கும்போது அடியில் இருப்பது சற்று மங்கிவிடும். ஒரே சட்டை மேல் தட்டில் ஒரு நிறமாகவும் அடித்தட்டில் ஒரு நிறமாகவும் தெரியக்கூடாது என்று தட்டுக்கு ஏற்ப வண்ணத்தை மாற்றிக் கலக்கினார்கள். இந்த வண்ணங்களை ஸ்டூடியோவின் சொந்த ஆய்வகமே தயாரித்தது. ஸ்நோ ஒயிட்டின் கன்னச் சிவப்புக்குக் கோடு வைத்தால் கோமாளிபோல் இருந்தது. ஆகவே பஞ்சு சுற்றிய பென்சில் முனையில் சாயத்தைத் தொட்டு, செல்லின்மேல் ஒற்றி எடுத்தார் ஹெலன் ஓகர் என்ற பெண். தாளுக்குத் தாள் அந்தச் சிவப்பு இடம் மாறாமல், அளவு கூடாமல் குறையாமல் விழ வேண்டும். இது படத்தின் பிற எந்த வேலைக்கும் குறைந்ததில்லை என்பேன். ஆனால் கோடு போட்ட, வண்ணம் தீட்டிய இந்தப் பெண்களின் பெயர்கள் படத்தின் டைட்டிலில் வரவில்லை.

படம் 1937 டிசம்பர் 21 அன்று கார்தே சர்க்கிள் தியேட்டரில் முதல்முறை திரையிடப்பட்டது. சுமார் 15 லட்சம் டாலர் செலவு. ‘டிஸ்னியின் பைத்தியக்காரத்தனம்’ என்று ஹாலிவுட் கேலி செய்துகொண்டிருந்த படம் வசூலை அள்ளியது. ஒரு பெரிய ஆஸ்கர் சிலையும் ஏழு குட்டிச் சிலைகளுமாகச் சிறப்பு விருதும் கிடைத்தது.

இந்த வெற்றிக் களிப்பில்தான் 1938-ல் சான் பிரான்சிஸ்கோவின் கலைப்பொருள் வியாபாரி கத்ரி கோர்வாஸியே உள்ளே வருகிறார். செல்லைக் கலைப்பொருளாக விற்கலாம் என்று டிஸ்னியுடன் ஒப்பந்தம் போட்டார். குவிந்து கிடந்த செல்களிலிருந்து சில ஆயிரங்கள் பொறுக்கி எடுக்கப்பட்டன. மற்றவற்றில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. அபூர்வம் இயற்கையாக வந்ததில்லை, திட்டமிட்டு உண்டாக்கப்பட்டது. அதைச் சொல்லித்தான் விற்கவும் செய்தார்கள்: குறைந்த எண்ணிக்கையே விற்பனைக்கு விடப்படுகிறது என்று பின்பக்கச் சீட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம்கூட இந்தப் படத்தின் கழுகுகள் இருக்கும் ஒரு ஓவியத்தை ஏற்றுக்கொண்டது. கார்ட்டூனைக் கலை என்று ஒப்புக்கொள்ள மனமில்லாத விமர்சகர்களுக்கு அது அன்று பெரிய செய்தி.

‘கோர்வாஸியே’ என்று சேகரிப்பாளர்கள் சுருக்கமாகச் சொல்லும் இந்த வகைச் செல்லைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது அதன் பின்னணி. படத்தில் வரும் காடோ குடிசையோ பெரும்பாலும் அங்கே இருக்காது. மெல்லிய மரச்சீவல் ஒட்டிய பலகை இருக்கும், அல்லது புள்ளிகளோ நட்சத்திரங்களோ அச்சிட்ட காகிதம், அல்லது ஏர்பிரஷ்ஷால் ஊதிய வெளிர்நிறம். டோப்பி, கிரம்பி போன்ற குள்ளர்களைச் செல்லிலிருந்து உருவத்தின் ஓரமாகவே கத்தரித்து அந்தப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். காலடியில் ஏர்பிரஷ் நிழல். சுற்றிலும் வெளிர்நிற அட்டைச் சட்டம், அதன் அடியில் பென்சிலில் எழுதிய படத்தின் பெயர், ‘டபிள்யூ.டி.பி.’ என்ற சிறு முத்திரை. உண்மையான பின்னணி ஓவியங்கள் மிகக் குறைவு என்பதால் வந்த ஏற்பாடு இது. ஒரு காட்சிக்கு நூற்றுக்கணக்கில் செல் இருக்கும், பின்னணி ஒன்றுதான். அந்த ஒன்றும் அதற்குரிய செல்லும் ஒன்றுசேர்ந்து பிழைத்திருந்தால் அதன் விலை தனி. மரச்சீவல் பின்னணி சிலருக்குக் கண்ணை உறுத்தும். எனக்கு அதில் 1930-களின் வரவேற்பறை தெரிகிறது, பிடித்திருக்கிறது.

அன்று விலை சில டாலர்களிலிருந்து தொடங்கியது. 1946-ல் இந்த ஒப்பந்தம் முடிந்தது. 1955-ல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது, அங்கே ‘ஆர்ட் கார்னர்’ என்ற கடையில் பிற்காலப் படங்களின் செல்கள் ஒன்றிரண்டு டாலருக்குச் சுற்றுலா நினைவுப்பொருளாக விற்றன. பிள்ளைகள் வாங்கிச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்கள். யாரும் பத்திரப்படுத்தவில்லை. ஏல நிறுவனங்கள் விழித்துக்கொண்டது 1980-களில். 1989-ல் ‘ஆர்ஃபன்ஸ் பெனிஃபிட்’ என்ற 1934-ம் ஆண்டுக் குறும்படத்தின் கறுப்பு வெள்ளைக் காட்சி ஒன்று 2,86,000 டாலருக்குப் போனது. அதே 1989-ல் வந்த ‘தி லிட்டில் மெர்மெய்ட்’தான் டிஸ்னி கையால் வண்ணம் தீட்டிய செல்களில் எடுத்த கடைசி முழுநீளப் படம். பிறகு அந்த வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. உற்பத்தி நிற்கப்போகிறது என்றதும் பழையதன் விலை ஏறியது.

பணம் கொடுத்து வாங்கியவருக்கு அடுத்த சோதனை வேதியியலில் இருந்து வருகிறது. ‘ஸ்நோ ஒயிட்’ காலத்துச் செல் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. பருத்தி நாரை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் ஊறவைத்துச் செய்வது. அது விறைப்பாக இல்லாமல் வளைந்துகொடுக்கக் கற்பூரம் சேர்த்தார்கள். பூஜை டப்பாவில் மூடி வைத்த கற்பூரம் தானாகக் கரைந்து காணாமல் போகுமே, செல்லுக்குள்ளும் அதுதான் நடக்கிறது. கற்பூரம் வெளியேற வெளியேறத் தாள் சுருங்குகிறது, அலை அலையாக நெளிகிறது. இன்னொரு பக்கம் நைட்ரேட் மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுவை விடுகிறது. அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகிறது. அந்த அமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்துகிறது. தாள் மஞ்சளாகிறது, பிறகு பழுப்பாகிறது, கடைசியில் தொட்டால் நொறுங்குகிறது. எளிதில் தீப்பற்றும் பொருளும்கூட. அந்தக் காலத்து சினிமா பிலிம் சுருள்களும் இதே நைட்ரேட்தான். 1931-ல் வந்த தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ பிரதி ஒன்றுகூட நம்மிடம் மிஞ்சாததை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வண்ணத்தின் கதை வேறு. அதைப் பிடித்து வைத்திருந்தது வேல மரத்துப் பிசின், அதாவது கம் அராபிக். தண்ணீரில் கரையும். கழுவி மறுபடி பயன்படுத்த வசதியாக இருந்தது அதனால்தான். ஆனால் ஈரம் குறைந்தால் பிசின் காய்ந்து சுருங்கும். பிளாஸ்டிக் ஒரு வேகத்தில் சுருங்குகிறது, பெயின்ட் வேறொரு வேகத்தில் சுருங்குகிறது. இரண்டுக்கும் இடையே பிடி விடுகிறது. சட்டத்தின் அடியில் கிரம்பியின் சட்டை சிவப்புத் தூளாக உதிர்ந்து கிடக்கும். இதைத் தடுக்கலாம் என்று 1940-களின் தொடக்கத்தில் சில செல்களை இரு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து லேமினேட் செய்து பார்த்தார்கள். வெளியேற வேண்டிய வாயு உள்ளேயே தங்கியது. பலன் நேர்மாறாகப் போனது. பின்னாளில் செல்லுலோஸ் அசிடேட்டுக்கு மாறினார்கள். அது அவ்வளவு எளிதில் எரியாது. ஆனால் சிதையும்போது வினிகர் வாடை வீசும்.

லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி கலைப்பொருள் பாதுகாப்பு நிறுவனமும் டிஸ்னியின் அனிமேஷன் ஆய்வு நூலகமும் சேர்ந்து பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தன. அங்கே கிடைத்த ஒரு வழி எளிமையானது: காற்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்பாட்டோடு மெல்ல உயர்த்தினால் காய்ந்த பெயின்ட் சற்று நெகிழ்ந்து, பெயர்ந்த இடத்திலேயே மறுபடி படிந்துகொள்ளும். புது வண்ணம் பூச வேண்டியதில்லை. மறுவண்ணம் பூசிய செல் பார்க்கப் புதிதாக இருக்கும், மதிப்பு இறங்கியிருக்கும். பூசியிருந்தால் விற்பவர் சொல்லியாக வேண்டும் என்பது சந்தை நியாயம். சொல்லாதவர்களும் உண்டு.

ஆகவே வாங்குபவர் கோட்டைப் பார்க்கக் கற்கிறார். 1961-ல் ‘101 டால்மேஷன்ஸ்’ வந்தபோது அனிமேட்டரின் பென்சில் கோட்டை ஜெராக்ஸ் எந்திரத்தால் நேரடியாகச் செல்லில் பதித்தார்கள். அது சொரசொரப்பான கோடு. ‘ஸ்நோ ஒயிட்’ என்று சொல்லி ஜெராக்ஸ் கோட்டோடு எது வந்தாலும் அது பொய். ‘ஸெரிகிராஃப்’ என்று சில்க் ஸ்கிரீனில் அச்சிட்டு விற்கும் செல்கள் மோசடிப் பொருள் இல்லை. ஆனால் அவை எந்தக் கேமராவின் கீழும் போனதில்லை. நம்பகமான சோதனை ஒன்று உண்டு. படத்தைப் பிரேம் பிரேமாக நிறுத்தி ஓட்டி, கையிலிருக்கும் குள்ளரின் விரல் மடிப்பு முதல் தாடி நுனி வரை பொருந்தும் பிரேமைத் தேடுவது. பொருந்தினால், சட்டத்துக்குள் மரச்சீவலில் நிற்கும் அந்த உருவம் திரையில் குடிசைக்குள் நிற்பதைப் பார்க்கலாம்.

இந்தப் படத்தின் நினைவுப்பொருள் செல்லோடு முடிவதில்லை. டிஸ்னியின் வணிகப் பொருள்களைக் கவனித்த கே கேமன், படத்தையொட்டி பொம்மை, புத்தகம், சோப்பு என்று கடைகளை நிரப்பினார். ஓஹையோவின் ஆக்ரனில் இருந்த ஸைபர்லிங் நிறுவனம் ரப்பரில் வார்த்த ஏழு குள்ளர்களைத் தேடி அலைபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ரப்பரும் இறுகி வெடித்துவிடும். ஏழும் முழுதாகக் கிடைப்பது அரிது.

என்னைக் கேட்டால், கையில் கொஞ்சம் பணமுள்ள ஒருவர் செல்லை விட்டுவிட்டு அனிமேட்டரின் பென்சில் படத்தை வாங்கலாம். செல் என்பது எப்படிப் பார்த்தாலும் அதன் நகல்தான். காகிதமும் பென்சிலும் பிளாஸ்டிக்கைப்போலத் தன்னைத்தானே தின்பதில்லை. அழித்துத் திருத்திய தடம்கூட அதில் தெரியும். விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் வண்ணத்தில் மயங்கியவர்களுக்கு இது காதில் ஏறாது.

செல்லே வேண்டும் என்பவர் கோர்வாஸியே சட்டத்தைப் பிரிப்பதா வேண்டாமா என்று ஒருநாள் முடிவு செய்தாக வேண்டும். 1938-ம் ஆண்டு அட்டையும் பசையும் அமிலத்தன்மை கொண்டவை. உள்ளே அடைபட்ட வாயுவும் சேர்ந்து செல்லைக் கெடுக்கிறது. பிரித்தால் செல் பிழைக்கும். ஆனால் பழைய சட்டமும் பின்பக்கச் சீட்டும்தான் அதன் பிறப்புச் சான்று. பிரித்துவிட்டால் ஏலத்தில் கேள்வி வரும். பல பாதுகாப்பு வல்லுநர்கள் நடுவழி ஒன்றைப் பின்பற்றுகிறார்கள். பழைய அட்டையைச் சிதைக்காமல் தனியே கழற்றி, சீட்டோடு ஒரு உறையில் பத்திரப்படுத்துவார்கள். செல்லுக்கு அமிலமற்ற புதிய அட்டை வைத்து, கண்ணாடி பெயின்ட்டைத் தொடாதபடி இடைவெளி விட்டு, காற்று நுழைய வழியோடு மறுபடி சட்டமிடுவார்கள். பலகையில் ஒட்டிய உருவத்தை மட்டும் பிரிக்கவே மாட்டார்கள். 1938-ல் தடவிய பசை இன்னும் அவ்வளவு உறுதி. இழுத்தால் தாடி ஒரு பக்கம், குள்ளர் ஒரு பக்கம்.