தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் உருவாகும் பாதை

மலேசியாவில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஆவதற்குப் பணிமூப்பு மட்டும் இன்று போதாது. பள்ளித் தலைவர்களுக்கான தேசியத் தகுதிச் சான்றிதழையும் கையில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சியை நடத்துவது, கல்வி அமைச்சின் கீழ் 1979இல் தொடங்கப்பட்ட அமினுடின் பாக்கி கழகம். 1965இல் 39 வயதிலேயே மறைந்த கல்வியாளர் ஒருவரின் பெயரை அது தாங்கியிருக்கிறது. கழகத்தின் வட கிளை கெடாவில், அலோர் ஸ்டாருக்கு வடக்கே ஜித்ராவில் இருக்கிறது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தின் டாருல் அமான் வளாகமும் இதே ஊரில்தான். 1984இல் தோன்றிய வட மலேசியப் பல்கலைக்கழகம், இதே குபாங் பாசு மாவட்டத்தின் சிந்தோக்கில் அமைந்துள்ளது. நெல்வயல் சூழ்ந்த ஜித்ரா, வட்டாரப் பள்ளிகளின் தலைவர்களைப் பயிற்றுவிக்கும் இடமாக வளர்ந்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் அருமை, பழைய நிலையை அறிந்தால்தான் புரியும். மலாயாவில் தமிழ்க்கல்வி 1816இல் பினாங்கில் ஒரு வகுப்பாகத் தொடங்கியது. அது பரவியது ரப்பர்த் தோட்டங்களில். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும் என்று கூட்டு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம் 1912இல் விதித்தது. கெடா அந்தக் கூட்டில் சேராத மாநிலம். ஆனாலும் சுங்கை பட்டாணி, கூலிம், பாலிங் வட்டாரத் தோட்டங்களில் இதே வகைப் பள்ளிகள் எழுந்தன. சட்டம் கட்டடத்தைக் கேட்டது, தகுந்த ஆசிரியரைக் கேட்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ (எழுத்தர்) கங்காணியோ (மேற்பார்வையாளர்) பாடம் சொல்லிக் கொடுத்த பள்ளிகள் பல. ஓராசிரியர் பள்ளியில் அவரே ஆசிரியர், அவரே தலைவர். லயத்து (தோட்டக் குடியிருப்பு) மக்களுக்குக் கடிதம் எழுதித் தருபவரும், கோயில் திருவிழாவை முன்னின்று நடத்துபவரும் பெரும்பாலும் அவர்தான். பயிற்சி என்று எதுவும் பெறாத அந்த மனிதர்களின் உழைப்பில்தான் தமிழ்ப்பள்ளிகள் நிலைத்தன. அவர்களுக்கு இந்தச் சமூகம் பட்டிருக்கும் கடன் பெரிது.

1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சியும் நிலையான ஊதியமும் வாய்த்தன. தலைமைப் பதவி மட்டும் நெடுங்காலம் மூப்பின்படியே கைமாறி வந்தது. நன்றாகப் பாடம் நடத்தியவர், வயது வந்ததும் தலைமையாசிரியரானார். வகுப்பை நடத்துவது ஒரு திறமை, பள்ளியை நடத்துவது வேறொரு திறமை என்பது தாமதமாகவே உணரப்பட்டது. 2013 முதல் 2025 வரைக்குமான மலேசியக் கல்விப் பெருந்திட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் திறமிக்க தலைவர் வேண்டும் என்பதை ஒரு தனி இலக்காகவே வைத்தது. புதிதாகப் பொறுப்பேற்போருக்குச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. மாவட்டக் கல்வி அலுவலகங்கள் பள்ளிகளுக்கு நேரடியாகத் துணைநிற்கும் திட்டத்தை 2013இல் முதலில் சோதித்த இரு மாநிலங்களில் கெடாவும் ஒன்று, மற்றது சபா.

பள்ளிக்குள் இருக்கும் ஏணி எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆசிரியர் முதலில் பாடக்குழுத் தலைவராகிறார். பிறகு கலைத்திட்டம், மாணவர் நலம், புறப்பாடம் என்ற மூன்று துணைத் தலைமையாசிரியர் பொறுப்புகளில் ஒன்று வந்து சேர்கிறது. உண்மையான பயிற்சிக்களம் இந்தப் பொறுப்புகளே. கால அட்டவணை போடுவது, வருகை குறைந்த பிள்ளையின் வீட்டுக்குப் போய் விசாரிப்பது, சக ஆசிரியரின் பாடத்தைப் பார்த்து மனம் நோகாமல் குறை சொல்வது ஆகியவற்றை எந்த விரிவுரையும் கற்றுத்தர முடியாது.

ஆனால் தமிழ்ப்பள்ளிகளில் இந்த ஏணி பல இடங்களில் குட்டையாக இருக்கிறது. 1957இல் 888 என்று கணக்கிடப்பட்ட பள்ளிகள் இன்று 530க்கு அருகில் வந்து நிற்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. மக்கள் பட்டணம் தேடிப் போனார்கள். எஞ்சிய பள்ளிகளில் பெரும்பகுதி 150 மாணவருக்குக் குறைவானவை. அங்கே ஆசிரியர் எண்ணிக்கையும் சிறிது. ஒருவரே இரண்டு மூன்று பொறுப்புகளைச் சுமக்கிறார். தலைமையாசிரியரும் வகுப்புக்குப் போகிறார். இதை வெறும் பலவீனமாகப் பார்ப்பது சரியன்று. பெரிய பள்ளியில் பத்தாண்டுகளில் கிடைக்கும் நிர்வாக அனுபவம், சிறு பள்ளி ஆசிரியருக்கு மிக விரைவில் கிடைத்துவிடுகிறது. அந்த அனுபவத்தை எண்ணிப் பார்க்கவும் சக தலைவர்களோடு பேசிப் பகிரவும் அவருக்கு நேரமில்லை என்பதுதான் குறை.

ஜித்ராவில் நடப்பது எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான பயிற்சி. மலாய்ப்பள்ளி, சீனப்பள்ளி ஆசிரியர்களோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து கற்பது தமிழாசிரியருக்குப் பெரும் நன்மை. மாவட்ட அலுவலகக் கூட்டங்களில் தயங்காமல் பேசும் துணிவு அங்கே பிறக்கிறது. எனினும் தமிழ்ப்பள்ளிக்கே உரிய சிக்கல்கள் சில உண்டு. பெரும்பாலானவை அரசின் பகுதி உதவி மட்டும் பெறும் பள்ளிகள். நிலம் தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருக்கலாம். கூரை ஒழுகினால்கூட யாரிடம் பணம் கேட்பது என்ற கேள்வி எழும். பள்ளி மேலாளர் வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஊர்க் கோயில் நிர்வாகம், அரசியல் கட்சியினர் என்று நாலு தரப்பையும் அணைத்துப் போகத் தெரியாதவர் அங்கே நிலைப்பது கடினம். இந்தக் கலை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களிடம் இருக்கிறது. அவர்களைப் புதியவர்களோடு முறையாக இணைத்துவிடுவதை, ஆர்வமுள்ள சிலரின் தனி முயற்சியாக விடாமல், தலைமையாசிரியர் மன்றங்கள் தங்கள் முதன்மைப் பணியாகவே கொள்ள வேண்டும்.

பள்ளி மூடப்படும்போது தலைமைப் பதவியும் சேர்ந்தே மறைகிறது. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் 1954இல் நிறப்பிரிவினைப் பள்ளிகள் சட்டத்துக்குப் புறம்பானவை எனத் தீர்ப்பு வந்தபின், கறுப்பினப் பிள்ளைகள் பொதுப்பள்ளிகளுக்குப் போனார்கள். ஆனால் மூடப்பட்ட பள்ளிகளின் கறுப்பினத் தலைமையாசிரியர்களும் ஆசிரியர்களும் பல்லாயிரக்கணக்கில் வேலையிழந்தார்கள். அந்த இழப்பை ஈடுசெய்ய அங்கே இன்றும் தனித் திட்டங்கள் நடக்கின்றன. மலேசியாவில் ஆளில்லாத தோட்டத்துப் பள்ளியை மூடாமல், அதன் உரிமத்தை மக்கள் குடியேறிய பட்டணத்துக்கு மாற்றுவது பள்ளியோடு ஒரு தலைவரின் இடத்தையும் காப்பாற்றுகிறது.

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. தமிழ் இடைநிலைப்பள்ளி நாட்டில் இல்லை. ஆகவே தலைமையாசிரியருக்கு மேலே போகும் வழி மாவட்டக் கல்வி அலுவலகம், மாநிலக் கல்வி இலாகா, அமைச்சு, ஆசிரியர் பயிற்சிக் கழக விரிவுரை ஆகியவற்றின் வழியாகத்தான். அந்த இடங்களில் தமிழ்ப்பள்ளியை உள்ளிருந்து அறிந்தவர்கள் இருந்தால்தான் ஆசிரியர் நியமனமும் மானியமும் வேண்டிய நேரத்தில் வந்து சேரும். முப்பது வயதுத் துணைத் தலைமையாசிரியர் ஒருவர் சான்றிதழோடு முதுகலைப் பட்டமும் பெற்று, மாவட்ட அலுவலகத்தில் காலியிடம் அறிவிக்கப்படும்போது தயங்காமல் விண்ணப்பிக்க, அவருடைய தலைமையாசிரியரே முதலில் தூண்ட வேண்டும்.