கிணற்றடிக் கணக்கு – 7: மூட்டை போன வழி

கரண்ட் வருவதற்குள் யூரியாவை வீசி முடிக்க வேண்டும். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்தி பாத்தியாக இறங்கினார். பெரம்பலூர் பக்கத்துச் சின்ன வெங்காயம், நட்டு முப்பதாவது நாள். நிலம் ஒரு ஏக்கர், உரம் ஒரு மூட்டை.

“பாதி போதுமே பெரியப்பா” என்றேன்.

“பிரிச்ச மூட்டைய எங்கப்பா வெக்கிறது? காத்து பட்டா கசிஞ்சு கட்டியாப் போயிரும். வெல என்ன, முந்நூறு ரூவாகூட இல்ல.”

சென்ற வாரம் விதைக்காயோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் அந்த மூட்டையின் பின்னாலேயே போகலாம்.

சின்ன வெங்காயத்துக்கு ஹெக்டேருக்கு 60 கிலோ தழைச்சத்து போதும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. பாதி அடியுரம், மீதி முப்பதாம் நாள் மேலுரம். ஏக்கருக்கு மாற்றினால் மேலுரமாக 12 கிலோ வரும். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால் 26 கிலோ யூரியா போட்டால் கணக்கு சரி. 45 கிலோ மூட்டையை அப்படியே கொட்டினால் 20.7 கிலோ தழைச்சத்து விழுகிறது. முக்கால் பங்கு கூடுதல்.

கூடுதலாகப் போட்டால் கூடுதலாக விளையாதா? ஓரளவு வரை விளையும். அதன்பின் மகசூல் ஏறாமல் நின்றுவிடும்; இன்னும் போட்டால் இறங்கும். அந்த எல்லை எங்கே என்பதைத் தீர்மானிப்பது உரம் அல்ல, தண்ணீர். வறண்ட பாத்தியில் எவ்வளவு கொட்டினாலும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. தழைச்சத்து வேருக்கு வந்து சேர ஈரம் வேண்டும். மாறாக, உரமில்லாமல் தண்ணீர் மட்டும் கட்டினால் அடித்தாள்தான் முதலில் மஞ்சளாகும். இருக்கிற சத்தைச் செடி பழைய தாளிலிருந்து உருவிப் புதிய தாளுக்குக் கொடுத்துவிடுகிறது.

யூரியா மண்ணில் விழுந்ததும் அமோனியமாக மாறும். மேல் மண்ணிலேயே கிடந்தால், அதுவும் சுண்ணாம்புச் சத்து மிகுந்த நிலமானால், கொஞ்சம் அமோனியா வாயுவாகக் காற்றோடு போய்விடும். அதனால்தான் வீசியதும் லேசாகத் தண்ணீர் காட்டச் சொல்கிறார்கள். மண்ணுக்குள் இறங்கிய அமோனியத்தை நுண்ணுயிர்கள் சில நாட்களில் நைட்ரேட்டாக்குகின்றன. இங்கேதான் சிக்கல். களிமண் துகளும் நைட்ரேட்டும் ஒரே மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே நைட்ரேட்டும் போகும்.

வெங்காய வேரின் பெரும்பகுதி ஒரு அடி ஆழத்துக்குள் அடங்கிவிடுகிறது. பாத்தி தளும்பத் தளும்பக் கட்டிய தண்ணீர் அந்த ஒரு அடியைத் தாண்டிவிட்டால், கூடவே போன உரத்தைச் செடி எட்டிப்பிடிக்க வழியில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடு என்று நம் பெரியவர்கள் சொன்னதில் உரக் கணக்கும் அடங்கியிருக்கிறது.

அப்படியானால் தாண்டிப்போன உரம் எங்கே? கிணற்றில்.

குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர வரம்பு. ஒரு கிணற்று நீரில் சரியாக அந்த அளவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் தழைச்சத்து மட்டும் சுமார் 10 மில்லிகிராம். ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்டினால் ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர். ஆக, ஒவ்வொரு தண்ணீரோடும் 2 கிலோ தழைச்சத்து வயலுக்கு வருகிறது. வாரம் ஒன்றாகப் பத்துத் தண்ணீர் என்றால் 20 கிலோ. கிட்டத்தட்ட ஒரு மூட்டை யூரியா, யாரும் வீசாமலே!

இலவசமாக வருவதால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கடைசி வாரங்களில் இது வினையாகிவிடும். தழைச்சத்து என்ற பெயரே சொல்கிறது, அது தழைக்க வைக்கும் சத்து. வெங்காயமோ தாள்களின் அடிப்பாகம் பருத்துத் திரண்ட காய். திரள வேண்டிய நேரத்தில் ஈரமும் தழைச்சத்தும் வந்துகொண்டே இருந்தால், செடி புதுத் தாள் விடுவதை நிறுத்தாது. தாள் சாயாது, கழுத்து தடித்தே நிற்கும். அறுவடைக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

சொட்டுநீரில் உரத்தைக் கரைத்துச் சிறுகச் சிறுக விட்டால் இந்தச் சிக்கல் பெரிதும் குறையும். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழக அரசு அதற்கு 100 சதவீதம் மானியம் தருகிறது. ஆனால் குழாய் போட்ட பிறகும் அளவு பார்த்துக் கரைப்பது நம் கைதான்.

அந்தப் போகத்தில் பெரியப்பாவின் களத்தில் குவியல் பெரிதாகத்தான் இருந்தது. காய்களைப் பட்டறையில் ஏற்றுவதற்கு முன் பெரியம்மா ஒவ்வொன்றின் கழுத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். காகிதம் போல் சரசரத்தவை ஒரு கூடைக்கு, வழுவழுவென்று நசுங்கியவை இன்னொரு கூடைக்கு. பட்டறையில் ஒரு காய் அழுகினால் பக்கத்துக் காய்களும் கசியத் தொடங்கும். விலை ஏறும்வரை காத்திருக்க முடியாது.

“இதெல்லாம் இன்னைக்கே மண்டிக்குப் போவட்டும்” என்று இரண்டாவது கூடையைத் தள்ளினார். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது கூடைதான் முதலில் நிறைந்திருந்தது.

(தொடரும்)