மகள் கூப்பிட்டால் போதாதா? உக்ரேனியக் குடும்பங்களும் காகிதக் கணக்கும்

என் டீமில் ஒரு உக்ரேனியப் பெண் இருக்கிறார். 2022-ல் போர் ஆரம்பிச்சதும் இங்கிலாந்துக்கு வந்தவர். நான் சென்னையில், அவர் அங்கே. தினமும் மதியம் கால்ல பார்த்துக்குவோம். 2024 ஏப்ரலில் ஒரு நாள் மீட்டிங் முடிஞ்சதும், "அம்மா ஒருவழியா வர்றேன்னுட்டாங்க" என்றார். அம்மாவுக்கு எழுபது தாண்டியாச்சு, கார்கிவில் தனியாக இருந்தவர். வீட்டை விட்டு வரமாட்டேன்னு ரெண்டு வருஷமா ஒரே பிடிவாதம். நல்ல சேதிதானே என்று பார்த்தால், இவர் முகத்தில் சந்தோஷத்தையே காணோம். "குடும்ப விசாவை பிப்ரவரியிலயே மூடிட்டாங்க" என்றார்.

அன்னிக்கு ராத்திரி சும்மா படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் குறிப்பு. நான் வக்கீல் இல்லை. விதிகளைப் படித்து எது எதோடு இணையுது என்று பார்ப்பது என் தொழில் பழக்கம், அவ்வளவுதான்.

மூணு நாடு, மூணு கணக்கு

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2001-லேயே ஒரு தற்காலிகப் பாதுகாப்புச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். யூகோஸ்லாவியப் போர்களில் கிடைத்த பாடம் அது. இருபது வருஷம் அதை யாரும் தொடவில்லை. 2022 மார்ச் 4 அன்றுதான் முதல்முறையாக அமலுக்கு வந்தது. 2022 பிப்ரவரி 24-க்கு முன்னால் உக்ரைனில் வசித்த உக்ரேனியர் என்றால் அந்த ஒரு தகுதி போதும். அங்கே மகளோ மகனோ இருக்கணும்னு கிடையாது. இந்தப் பாதுகாப்பு இப்போது 2027 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

அமெரிக்கா 2022 ஏப்ரலில் வேறு மாதிரி ஒரு திட்டம் போட்டது. அங்கே இருக்கிற ஒருத்தர், "இவர் செலவை நான் பார்த்துக்கிறேன்" என்று முதலில் மனு போடணும். அவர் சொந்தமா இருக்கணும்னு அவசியமில்லை. வருபவருக்கு ரெண்டு வருஷம் வரை அனுமதி. 2025 ஜனவரியில் அதை நிறுத்தி வைத்தார்கள்.

பிரிட்டன் 2022 மார்ச் 4-ல் திறந்தது உறவை வைத்த திட்டம். பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர், அத்தை மாமா வரைக்கும் வரலாம், கட்டணம் கிடையாது, மூணு வருஷ அனுமதி. இரண்டு வாரம் கழித்து, உறவு இல்லாதவர்களுக்காக ஸ்பான்சர் திட்டம் ஒன்றும் வந்தது.

2024 பிப்ரவரி 19

அன்றைக்குக் குடும்பத் திட்டத்தை மூடினார்கள், முன்னறிவிப்பு இல்லாமல். மிச்சம் இருந்தது ஸ்பான்சர் வழி மட்டும். அதிலும் அன்றே ரெண்டு மாற்றம். ஒன்று, மூணு வருஷ அனுமதி 18 மாதமானது. ரெண்டாவது, ஸ்பான்சர் பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் குடிமகனாகவோ, அங்கே நிரந்தரக் குடியிருப்பு நிலை பெற்றவராகவோ இருக்கணும்.

இந்த ரெண்டாவது விதியைக் கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க. 2022-ல் வந்த என் தோழியே தற்காலிக அனுமதியில்தான் இருக்கிறார். அதனால் பெத்த அம்மாவை அவரால் ஸ்பான்சர் பண்ண முடியாது. அடுத்த வீட்டில் இருக்கிற பிரிட்டிஷ்காரர் பண்ணலாம். அம்மா போலந்துக்கோ ஜெர்மனிக்கோ போயிருந்தால் தன் சொந்தத் தகுதியிலேயே பாதுகாப்பு கிடைத்திருக்கும். ஆனால் மகள் அங்கே இல்லையே.

ஒரே ஆள், மூணு பெயர்

அடுத்த சிக்கல் நமக்கு நல்லாவே புரியும். அவர்கள் வீட்டுக் காகிதங்களை எல்லாம் ஒரு ஷீட்டில் போட்டோம். மகளின் பிறப்புச் சான்றிதழ் சோவியத் காலத்து ரஷ்ய மொழிக் காகிதம். அதில் அம்மா பெயர் யெலேனா. பாஸ்போர்ட்டில் ஒலேனா. பழைய கடிதம் ஒன்றில் ஹெலேனா!

இதில் தப்பு யார் மேலேயும் இல்லை. ரஷ்ய மொழியில் நிக்கொலாய் என்பவர் உக்ரேனிய மொழியில் மிக்கோலா. ரஷ்யனில் 'க' என்று ஒலிக்கும் ஒரு எழுத்து உக்ரேனியனில் 'ஹ'. அதனால் ஒலெக் என்பவர் ஒலெஹ் ஆகிறார். பெயரை லத்தீன் எழுத்தில் எப்படி எழுதுவது என்று உக்ரேனிய அமைச்சரவை 2010-ல் ஒரு விதி போட்டது. அதற்கு முன்னால் வாங்கிய பாஸ்போர்ட்டில் வேறு எழுத்துக்கூட்டு இருக்கலாம். குடும்பப் பெயரும் பாலுக்கு ஏற்ப மாறும். அப்பாவுக்கு 'ஸ்கி' என்று முடிந்தால் மகளுக்கு 'ஸ்கா'. தந்தை பெயரிலிருந்து வரும் நடுப்பெயர் பிறப்புச் சான்றிதழில் இருக்கும், பாஸ்போர்ட்டின் லத்தீன் வரியில் இருக்காது.

சிரிக்காதீங்க. என் சர்நேம் என் அப்பா பெயர், என் பையனின் சர்நேம் என் பெயர். மூணு தலைமுறை, மூணு சர்நேம். இனிஷியலை விரிச்சு எழுதச் சொன்னதும் முழிக்காத தமிழன் யாரு?

காத்திருப்பு எங்கே கூடுகிறது

காத்திருப்பு என்றால் விண்ணப்பம் போட்ட பிறகு வருவது என்று நினைக்கிறோம். பாதிக்கு மேல் அதற்கு முன்னாடியே போயிடுது.

பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டால்? போர்க்காலத்தில் பழைய பாஸ்போர்ட்டையே முத்திரை குத்தி ஐந்து வருஷம் வரை நீட்டிக்க உக்ரைன் வழி செய்தது. இது தெரியாமல் புது பாஸ்போர்ட்டுக்குக் காத்திருந்தவர்கள் உண்டு.

வருகிறவர் ஆண் என்றால்? 18 முதல் 60 வயது வரையானவர்கள் நாட்டை விட்டுப் போக 2022-ல் தடை வந்தது. மாற்றுத்திறனாளிகள், மூணு அல்லது அதற்கு மேல் சின்னக் குழந்தைகள் உள்ள அப்பாக்கள் போன்றோருக்கு விலக்கு. 2025 ஆகஸ்டில் 18 முதல் 22 வயது வரை உள்ளவர்களுக்குத் தளர்த்தினார்கள். கையில் விசா இருந்தும் எல்லையைத் தாண்ட முடியாத அண்ணன்கள் இதனால்தான்.

குழந்தை ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியில் பிறந்திருந்தால்? அங்கே கொடுக்கிற பிறப்புச் சான்றிதழை உக்ரைன் ஏற்காது. பெற்றோர் உக்ரேனிய நீதிமன்றத்துக்குப் போய், இந்தக் குழந்தை பிறந்தது உண்மை என்று தீர்ப்பு வாங்கி, அதை வைத்துச் சான்றிதழ் எடுக்கணும். இதற்குன்னு தனி சட்டப்பிரிவே இருக்கு.

நாங்கள் செய்தது

முதலில், எல்லாக் காகிதத்திலும் பெயர் எப்படி எழுதியிருக்கு என்று ஒரே ஷீட்டில் வரிசையாகப் போட்டோம். மொழிபெயர்ப்பவரிடம், பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதி, மூலத்தில் எப்படி இருக்கு என்று ஒரு குறிப்புப் போடச் சொன்னார் தோழி. அடுத்து, ஒவ்வொரு காகிதத்துக்கும் காலாவதித் தேதி. ஒன்று வரும்வரை காத்திருக்கையில் இன்னொன்று காலாவதியாகிடக் கூடாது இல்லையா? கடைசியாக, எது வந்தால்தான் எதுக்கு மனு போட முடியும் என்கிற வரிசை. அம்மாவின் பாஸ்போர்ட் நீட்டிப்புதான் முதல் வேலை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஸ்பான்சர்? அடுத்த வீட்டு ரிட்டயர்ட் தம்பதி சரின்னாங்க. ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். வீட்டைப் பார்த்துச் சோதிக்க ஆள் வந்துபோனது. காகிதத்தில் அம்மா அவர்கள் வீட்டு விருந்தாளி, மகள் வெறும் பக்கத்து வீட்டுக்காரி.

2024 இலையுதிர்காலத்தில் அம்மா வந்து சேர்ந்தார். 18 மாத அனுமதி. 2025 பிப்ரவரியில் இன்னொரு 18 மாதம் நீட்டித்துக்கொள்ள ஒரு திட்டம் திறந்தார்கள். அதற்கும் முன்கூட்டியே மனு போட முடியாது, பழைய அனுமதி முடியப்போகிற சமயத்தில்தான் போடணும். எத்தனை வருஷம் இப்படி நீட்டினாலும் இந்த வழி நிரந்தரக் குடியிருப்புக்குக் கொண்டுபோகாது.

போன வாரம் கால்ல பின்னாடி அம்மா குரல் கேட்டது. என்னமோ சமைச்சுக்கிட்டே மகளைத் திட்டுறாங்க. தோழி சிரித்துக்கொண்டே மைக்கை அணைத்தார். அணைக்கும் முன் அவர் ஷேர் பண்ணியிருந்த திரையில் காலண்டர் தெரிந்தது. அதில் அம்மாவின் அனுமதி முடிகிற நாளைச் சிவப்பில் குறித்து வைத்திருந்தார். அவருடைய சொந்தத் தேதி அதுக்கு மேலே.