பெட்டியை மாற்றுவது போன்தான்

ஆரணியில் பட்டு வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: முன்கடை, கணக்கு அறை, பின்கட்டு குடோன் என மூன்று இடத்திலும் வைஃபை பெட்டி வைத்தாயிற்று. வெளியூர் வாடிக்கையாளருக்கு வீடியோ காலில் சேலை காட்டிக்கொண்டே குடோனுக்கு நடந்தால் படம் உறைந்துவிடுகிறது. நான்காவது பெட்டி வாங்கலாமா?

வேண்டாம். இருக்கிற மூன்றும் தேவைக்கு மேல் சத்தமாகப் பேசுகின்றன என்பதே என் சந்தேகம்.

எந்தப் பெட்டியோடு இணைவது என்பதைப் போன் முடிவு செய்கிறது. ஐபோனைப் பற்றி ஆப்பிள் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது: சிக்னல் மைனஸ் 70 டிபிஎம் அளவுக்கு இறங்கும்வரை அது வேறு பெட்டியைத் தேடாது. ஒரு வாட்டில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு அது! தேடத் தொடங்கிய பிறகும், கால் ஓடிக்கொண்டிருந்தால், புதிய பெட்டி 8 டெசிபல், அதாவது ஆறு மடங்குக்கு மேல், வலுவாகக் கேட்டால்தான் தாவும். ஆண்ட்ராய்டு போன்களில் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும்.

தேடுவது எப்படி என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒவ்வொரு பெட்டியும் தன் பெயரை வினாடிக்குச் சுமார் பத்து முறை அறிவிக்கிறது. போனோ வீடியோவை அனுப்பும் சேனலை நொடிப்பொழுது விட்டு, அடுத்த சேனலில் கேட்டு, திரும்பி வந்து வீடியோவைத் தொடர்ந்து, மறுபடி இன்னொரு சேனலுக்குப் போகிறது. இதற்கு நேரம் பிடிக்கும். அதற்குள் நீங்கள் வினாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் நடந்துவிடுகிறீர்கள். இரண்டு பெட்டிகளின் எல்லையும் ஒன்றன்மேல் ஒன்று படியும் அந்தச் சில மீட்டர், போனுக்கு நாம் கொடுக்கும் அவகாசம்.

கோர்வைச் சேலை நெய்பவர்களுக்கு இது புதிதல்ல. கரையின் ஊடையும் உடலின் ஊடையும் ஒன்றையொன்று பற்றாவிட்டால் இடையில் பிளவு விழும். அளவுக்கு மீறிப் பற்றினால் அந்த இடம் தடித்துவிடும். கோர்வையில் ஊடையைக் கொண்டுசெல்லும் நாடாக்கள் மூன்று. நம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 13 சேனல் இருந்தும், ஒவ்வொன்றும் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம், இடைவெளி 5 மட்டும் என்பதால், ஒன்றில் ஒன்று கலக்காமல் பயன்படுபவையும் 1, 6, 11 என மூன்றே. இரு கரைக்கும் ஒரே நிறம் போடலாம், நடுவில் உடல் இருப்பதால். அதேபோல் தொலைவிலுள்ள இரு பெட்டிகள் ஒரே சேனலைப் பகிரலாம். ஆனால் நூல் கரையோடு நிற்கும், அலை நிற்காது. ஒரே சேனலில் அருகருகே இரண்டு பெட்டிகள் இருந்தால், ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும்.

முன்கடைப் பெட்டி முழுத் திறனில் இருந்தால் குடோன்வரை அதன் குரல் கேட்கும். போன் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். போனின் ஒலிபரப்புத் திறன் பொதுவாகப் பெட்டியினுடையதைவிடக் குறைவு என்பதால், அது பதில் சொல்வது பெட்டிக்கு எட்டாது. படம் உறைவது பெரும்பாலும் அங்கேதான்.

  

“20 சதவீதம் மேற்படிந்தால் சரி” என்று விற்பனைக்காரர்கள் வட்டம் போட்டுக் காட்டுவார்கள். ஸ்டீல் பீரோவும் கான்கிரீட் சுவரும் நிற்கும் கட்டடத்தில் அலை வட்டமாகப் பரவுவதில்லை. பெட்டிகளைக் கேபிள் இல்லாமல் ஒன்றோடொன்று இணைக்கும் ‘மெஷ்’ என்ற சொல்லுக்கும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். மூன்று பெட்டிக்கும் கேபிள் போயிருந்தால் அதற்கு வேலை இல்லை. அக்கம்பக்கத்துப் பெட்டிகளின் பட்டியலைப் போனுக்குக் கொடுக்கும் 802.11கே வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். தேடும் நேரம் குறையும். முடிவு அப்போதும் போனுடையதே.

முதலில் பெட்டிகளின் திறனை ‘அதிகபட்சம்’ என்பதிலிருந்து இறக்குங்கள். சிக்னல் அளக்கும் செயலியோடு குடோனை நோக்கி நடங்கள். முன்கடைப் பெட்டி மைனஸ் 70ஐத் தொடும் இடத்தில் குடோன் பெட்டி மைனஸ் 62 அல்லது அதைவிட வலுவாக இருக்க வேண்டும். தீபாவளிச் சரக்கு இறங்கிய பிறகு ஒருமுறை மறுபடி நடந்து பாருங்கள். காலி அறையில் எடுத்த அளவு சேலை நிறைந்த அறைக்குப் பொருந்தாது.