பார்க்கலாம் என்று சொன்னவன் ஓடித்தான் ஆகவேண்டுமா?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பெருஞ்சாலையில் எங்கள் கிளியனூரைக் கடக்கிற எவரும், பொழுது புலருவதற்கு முன்னரே சாலையோரத்தில் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கும் இளைஞர்களைக் கண்டிருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் போலீஸ் உத்தியோகத்தை மனத்தில் வைத்து, 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் முடித்தாக வேண்டும் என்ற தேர்வு நிபந்தனைக்காகத் தங்கள் சரீரத்தைப் பழக்குகிறவர்கள். இந்தக் கூட்டத்தோடு சமீப காலமாக வேறொரு வகையாரும் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது என்று வைத்தியர் எச்சரித்ததாலோ, நாற்காலி உத்தியோகத்தில் வயிறு முன்னே வந்துவிட்ட வெட்கத்தாலோ, மெள்ள நடக்கத் தொடங்கிப் பின் நடையே ஓட்டமாக மாறிப்போனவர்கள் இவர்கள். என் சகோதரியின் மகன் அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். புதுச்சேரிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. மூன்று மாதப் பழக்கத்தில், இடையிடையே நடந்தும் நின்றும், 4 கிலோமீட்டர் ஓடக் கற்றிருந்தான்.

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் மாலை அவன் திண்ணையில் வந்து உட்கார்ந்த தோரணையே சரியாக இல்லை.

"என்னடா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல மாமா. ஆபீஸ்ல பத்துப் பேருக்கு ஆஃப் மாரத்தான்ல பணம் கட்டியிருந்தாங்க. ஒருத்தருக்கு வரமுடியல. அவரு பிப்ப என்கிட்ட குடுத்துட்டாங்க."

"21 கிலோமீட்டரா! நீ சரின்னு சொன்னியா?"

"பார்க்கலாம் சார்னுதான் மாமா சொன்னேன்."

நான் எழுத வந்த விஷயம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டது என்றே எனக்குத் தோன்றியது. பெரியவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது நம் பக்கத்தில் மரியாதைக் குறைவு. ஆகையால் மறுக்க நினைக்கிறவன் "பார்க்கலாம்" என்கிறான், "அதுக்கென்ன" என்கிறான், "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்கிறான். கல்யாண வீட்டு அழைப்புக்கும் கடன் கேட்பவருக்கும் இந்தச் சொற்கள் போதும், ஏனெனில் அங்கே கேட்பவருக்கும் சொல்பவருக்கும் அர்த்தம் ஒன்றே. ஆனால் உற்சாகத்தின் வசப்பட்ட ஓட்டக்காரச் சிநேகிதரோ, பட்டியலில் பத்தாவது பெயரை நிரப்பியாக வேண்டிய மேலதிகாரியோ அதே சொல்லைக் கேட்கும்போது அது பரிபூரண சம்மதமாக உருமாறி, மறுநாள் காலையில் வாட்ஸாப் குழுவில் நம் பெயராக வந்து நிற்கிறது. அவர்களைத் துர்ஜனங்கள் என்று நான் சொல்லமாட்டேன். தாம் ருசித்த ஒன்றைப் பிறரும் ருசிக்க வேண்டும் என்ற வாஞ்சையே அவர்களில் பலரை இப்படிச் செய்விக்கிறது. ஆயினும் அன்பினால் விளைந்த நிர்ப்பந்தமும் நிர்ப்பந்தம்தான், கால் முட்டிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பிப் என்று அவர்கள் சொல்லும் அந்த மார்பு எண் தாளை வாங்கிப் பார்த்தேன். முன்பக்கத்தில் நான்கு இலக்க எண். நான்கு மூலைகளிலும் ஊக்கு குத்துவதற்கான துளைகள். பின்பக்கத்தைத் திருப்பினால், ஓடுகிறவர் பெயர், வயது, ரத்த வகை, ஆபத்து வேளையில் அழைக்கவேண்டிய எண் என்று கட்டங்கள் போட்டு, எல்லாவற்றையும் அந்த வராத மனிதர் தம் கையாலேயே நிரப்பியிருந்தார். ரத்த வகை பி பாசிட்டிவ்; என் மருமகனுக்கோ ஓ பாசிட்டிவ். ஆஸ்பத்திரியில் சோதித்துப் பாராமல் ரத்தம் ஏற்றிவிடமாட்டார்கள் என்பது மெய்யே என்றாலும், இவன் வழியில் மயங்கி விழுந்திருந்தால் தொலைபேசி மணி அடித்திருக்கக்கூடிய வீடு வேறொருவருடையது. அந்த வீட்டு அம்மாள், தம் கணவர் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்க, யாரோ அவர் விழுந்துவிட்டதாகச் சொல்வதைக் கேட்டுத் திகைத்திருப்பார். பெரும்பாலான போட்டி அமைப்பாளர்கள் ஒருவர் எண்ணை மற்றொருவர் அணிந்து ஓடுவதைத் தடை செய்திருப்பதற்குக் காரணம் இதுவே. அப்படி ஓடுகிறவர் அமைப்பாளரோடு எந்த ஒப்பந்தமும் செய்துகொண்டவர் அல்லர். பங்கேற்பாளருக்கென்று காப்பீடு ஏதேனும் எடுத்திருந்தால் அதன் நிழலில் நிற்க முடியுமா என்பதும் சந்தேகமே. "காசு வீணாகுதே, நீ போய் ஓடிடு" என்ற வார்த்தை எவ்வளவு சாதாரணமாகக் காதில் விழுகிறதோ, அவ்வளவுக்கு அதை அஞ்ச வேண்டும்.

அபாயங்களைச் சொல்லும்போது மிகைப்படுத்தலாகாது. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரை ஆராய்ந்தபோது, இருதயம் நின்றுபோனவர்கள் 59 பேர், அவர்களில் உயிரிழந்தவர்கள் 42 பேர் என்று கண்டார்கள், சொற்பமே. ஆனால் அந்தச் சொற்பம் நம் மாநிலத்திலும் உண்டு. 2023 ஜூலையில் மதுரையில் ரத்ததான விழிப்புணர்வுக்கென்று நடந்த மாரத்தானில் ஓடிய கல்லூரி மாணவர் ஒருவர், ஓட்டத்தை முடித்துக்கொண்டு சிநேகிதர்களோடு இருந்த நிலையில் உடல்நலம் குன்றி, அன்றே காலமானார். நிர்ப்பந்தமும் வெயிலும் ஒன்றுசேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு ஜார்க்கண்டைச் சொல்ல வேண்டும்: 2024இல் அங்கே ஆயத்தீர்வைக் காவலர் தேர்வுக்கு 60 நிமிஷத்தில் 10 கிலோமீட்டர் ஓடவேண்டும் என்று விதித்திருந்ததில், பத்துக்கு மேற்பட்ட இளைஞர்கள் மாண்டுபோனார்கள். அங்கே துரத்தியது உத்தியோகம். என் மருமகனைத் துரத்தியது ஒரு மேலதிகாரியின் முகம்.

எங்கள் கடற்கரைப் பிரதேசத்துக்கென்று ஒரு தனி அபாயம் உண்டு, அதன் ஈரக் காற்று. வடகிழக்கே கழுவெளியைச் சுற்றிக்கொண்டு மரக்காணம் போனால், உப்பளப் பாத்திகளில் இருள் பிரியுமுன்பே வேலை ஆரம்பமாகிவிட்டிருக்கும். வாருபலகையால் உப்பை இழுத்து வரப்போரம் சேர்க்கிறவர்கள், வெயில் ஏறுமுன் பாதி வேலையை முடித்துவிடுவார்கள். அந்த ஈரக் காற்றில் வேர்வை எளிதில் உலர்வதில்லை. வேர்வை உலர்ந்தால்தான் சரீரம் குளிரும். இத்தகைய சீதோஷ்ணத்துக்கு உடம்பு இசைந்துவர சுமார் இரண்டு வாரப் பழக்கம் வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். குளிர்சாதன அறையில் வாரத்தில் ஆறு நாள் உட்கார்ந்தவன் ஏழாம் நாள் இதில் 21 கிலோமீட்டர் ஓடப் புகுவது எவ்வளவு விவேகம் என்பதை நீங்களே நிதானித்துக்கொள்ளுங்கள்.

மருமகனோடு ஒருநாள் அங்கே போயிருந்தபோது ஒரு முதிய பெண்மணி, வரப்பில் உட்கார்ந்து உப்புப் போட்ட நீராகாரத்தைச் சின்ன வெங்காயத்தோடு குடித்துக்கொண்டே, அவன் கையிலிருந்த பெரிய தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்து, "வெறுந்தண்ணியா மொண்டு மொண்டு குடிக்காத தம்பி, ஆளை அடிச்சிப் போட்டுடும்" என்றார். பாஸ்டன் நகரத்து வைத்தியர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். 2002ஆம் வருஷத்து பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில், நூற்றுக்கு 13 பேருக்கு சோடியம் என்னும் உப்புச் சத்து குறைந்திருந்தது. உப்பைக் குறைவாக உண்டதைக் காட்டிலும், நீரை அளவுக்கு மீறிக் குடித்ததே அதற்குப் பிரதான காரணம். ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட மந்தகதிக்காரர்களும் அதில் அதிகமாகச் சிக்கினார்கள். புதியவர்கள்தாமே மெதுவாக ஓடுகிறவர்கள்? மேசைக்கு மேசை தண்ணீர் நீட்டப்படுவதால், தாகம் இல்லாமலே குடித்துக்கொண்டு போகிறார்கள். தாகத்துக்குக் குடி என்பதே இதில் பத்திரமான விதி. தலைவலி, குமட்டல், பேச்சுக் குழறல் கண்டால் மேலும் நீர் புகட்டாமல் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். உடம்பு நெருப்பாய்க் கொதித்து, புத்தி தடுமாறினால் அது ஹீட் ஸ்ட்ரோக் என்னும் வெப்பத் தாக்கு. 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வருமுன்பே குளிர்ந்த நீரில் உடம்பை நனைத்துக் குளிர்விக்கத் தொடங்கிவிட வேண்டும்.

இனி உரிமைகள். பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பதென்பது, பலரும் நினைப்பதுபோல் ஒரு விளையாட்டுச் சமாசாரம் மட்டும் அன்று. பணம் கட்டி, நிபந்தனைகளுக்கு டிக் போட்டு அனுப்பும் அந்தப் படிவம் ஓர் ஒப்பந்தம். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், சம்மதம் சுயேச்சையாக இருக்கவேண்டும் என்கிறது. ஒருவர் மனத்தை ஆட்டிவைக்கத்தக்க ஸ்தானத்தில் இருந்துகொண்டு, அதனால் அநியாய லாபம் அடைந்தால், அப்படிப் பெற்ற சம்மதத்தை ரத்துச் செய்துகொள்ள இடம் தருகிறது. பயிற்சி கொடுக்கிறவரே போட்டியை நடத்திக் கட்டணமும் வாங்குகிறவராக இருக்கையில் இந்த விதி நினைவில் இருக்கட்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யவே தகுதியற்றவர். ஆகவே பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோர் கையெழுத்து கேட்கிறார்கள். அந்தக் கையெழுத்தைப் போடுவதற்குமுன், ஓட வேண்டும் என்பது பிள்ளையின் ஆசையா நம் ஆசையா என்று பெற்றோர் ஒருமுறை தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

"எது நடந்தாலும் என் சொந்தப் பொறுப்பு" என்று ஒரு வரி அநேகமாக எல்லாப் படிவங்களிலும் காணப்படுகிறது. அதைக் கண்டு மிரண்டு, இனி நமக்கு நாதியில்லை என்று எண்ணிவிடக்கூடாது. கட்டணம் செலுத்தியவர் 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோர்; வாக்களித்த ஆம்புலன்ஸ் இல்லை, தண்ணீர் இல்லை, போட்டியே ரத்தாகிப் பணம் திரும்பவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. ஒருதலைப்பட்சமான நிபந்தனையை நியாயமற்ற ஒப்பந்தம் என்று தள்ளிவிடும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் உண்டு. முதலில் அமைப்பாளருக்கு எழுத்தில் முறையிட வேண்டும். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால், எங்களைப் போன்றவர்களுக்கு விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். போட்டி எந்த ஊரில் நடந்தாலும், புகார் செய்கிறவர் வசிக்கும் இடத்திலேயே மனுச் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரையில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் செய்துவிட வேண்டும். கட்டணமே வாங்காத இலவச ஓட்டத்துக்கு இந்த வாசல் திறக்காது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கே கவனக்குறைவால் விளைந்த நஷ்டத்துக்கு சிவில் நீதிமன்றம்தான் கதி.

கல்லூரியில் சீனியர்கள் மிரட்டி ஓடவைத்தால் அது ராகிங். 1997இலேயே தமிழ்நாடு அதற்குத் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது, 1800-180-5522 என்ற எண்ணில் முறையிடலாம். பள்ளிக் குழந்தையானால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண். உத்தியோக ஸ்தலத்து நிர்ப்பந்தம்தான் நுட்பமானது, ஏனெனில் அங்கே எவரும் ஆணையிடுவதில்லை, சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். அதற்கு நான் கண்ட உபாயம், "நான் ஓடவேண்டும் என்பதை ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள் சார், டாக்டரிடம் காட்டிக் கேட்டு வருகிறேன்" என்று பணிவாகச் சொல்வது. பெரும்பாலும் அந்த மின்னஞ்சல் வராது.

பந்தயத்தில் கலந்துகொள்ளாதவன் ஓட்டக்காரனே அல்ல என்ற அபிப்பிராயம் எங்கிருந்து முளைத்ததோ தெரியவில்லை. எங்களுக்குத் தென்கிழக்கே வெகு தொலைவில் இல்லாத ஆரோவில்லில், 2008 முதல் செம்மண் காட்டுப் பாதைகளில் ஒரு மாரத்தான் நடந்துவருகிறது. அதில் வென்றவருக்கென்று பரிசுப் பணம் இல்லை, ஓடுகிற ஆனந்தத்துக்காக ஓடுங்கள் என்பதே அவர்கள் கொள்கை. தமிழக அரசும் 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை வகுத்து, நடந்தாலே நலம் என்று சொல்லியிருக்கிறது. பந்தயத்தின் மேல் எனக்குத் துவேஷம் ஏதும் இல்லை. ஆசை தானாகவே உண்டாகி, சில மாதம் படிப்படியாகத் தூரத்தைக் கூட்டி, 5 கிலோமீட்டரில் தொடங்கிப் பழகியவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால் மாடிப்படி ஏறும்போது மார்பு அடைப்பவரும், நெருங்கிய உறவினர் இளம் வயதில் திடீரென இறந்த குடும்பத்தாரும், சென்ற வாரம் காய்ச்சலில் படுத்தவரும் வைத்தியரைக் காணாமல் தொடக்கக் கோட்டில் நிற்கலாகாது. பணம் கட்டியாயிற்றே என்பது நிற்பதற்கு ஒரு காரணமே அன்று.

மருமகன் மறுநாள் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாலையில் கொஞ்சம் தெளிந்த முகத்தோடு வந்தான்.

"என்னடா சொன்னாரு?"

"கோவிச்சிக்கல மாமா. சரிப்பா, அடுத்த வருஷம் பார்க்கலாம்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"நானும் பார்க்கலாம் சார்னுட்டு வந்தேன்."

போனை எடுக்கச் சொல்லி, அடுத்த வருஷத்துப் பட்டியலிலும் என் பெயர் வேண்டாம், தயாரானால் நானே வந்து சொல்கிறேன் என்று இரண்டு வரியை அந்த மேலதிகாரிக்கு வாட்ஸாப்பில் அவன் கையாலேயே டைப் அடிக்கவைத்து, போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக அந்த இரட்டை டிக் தெரிந்த பிறகுதான் அவனைக் காபி குடிக்க உள்ளே விட்டேன்.