திறந்த காரும் தீராச் செலவும்

மஹய்யாவையில் வசிக்கும் என் நண்பர் ஒருவர் சில காலத்திற்கு முன் பழைய திறந்த கார் ஒன்றை வாங்கினார். இருவர் அமரத்தக்கது, மடக்கக்கூடிய துணிக்கூரை உடையது, வேகத்தில் பந்தயக் குதிரைக்கு நிகரானது. வாங்கிய இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு கொழும்பை நோக்கிப் புறப்பட்டார். கடுகண்ணாவை இறக்கத்தில் பாதித் தூரம் சென்றதும் அவர் முகம் வெளிறியது. பிரேக்கை மிதித்தால் அது பஞ்சுபோல் அமுங்கிற்றேயன்றி வண்டியின் வேகம் குறையவில்லை. அவர் நிதானம் இழக்காமல் கியரைக் குறைத்து, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைப்பக்க ஓரத்தில் வண்டியை நிறுத்தினார். பாதையோரத்தில் நின்றபோது அவர் கூறியது இதுதான்: "எஞ்சினின் ஓசையைக் கேட்டு மயங்கி வாங்கினேன். பிரேக்கைப் பற்றி ஒருவரையும் கேட்கவில்லை."

இத்தகைய வண்டியை வாங்க விரும்புவோர் எவற்றைக் கேட்க வேண்டும், எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மலைநாட்டிற்கும் விரைவுக் கார்களுக்கும் உள்ள உறவு புதிதன்று. நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டில் தொடங்கியது. எம்.ஜி., டிரையம்ப் முதலிய ஆங்கிலத் திறந்த கார்களை விரும்பிப் பேணுவோர் இன்றும் உளர். 1989இல் ஜப்பானிய மஸ்டா நிறுவனம் எம்.எக்ஸ். 5 என்னும் சிறு திறந்த காரை வெளியிட்டது. 2016இல் அதன் உற்பத்தி பத்து இலட்சத்தைத் தாண்டியது. ஆயினும் நம் நாட்டில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் உள்ளூரிலிருந்த பழைய வண்டிகளே கைமாறின. அவற்றின் விலையும் ஏறிற்று. விலை ஏறிய பொருளில் ஏமாறினால் நட்டமும் பெரிதாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் ஓர் அடிப்படையை மனத்திற் கொள்ளுங்கள். சாதாரணக் காரில் கூரையும் சேர்ந்தே உடலைத் தாங்குகிறது. திறந்த காருக்கு அந்தத் துணை இல்லை. கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற இரும்புப் பகுதியே பெரும்பாரத்தைச் சுமக்கிறது. ஆகவே அவ்விடத்துத் துரு அழகைக் கெடுக்கும் குறை மட்டுமன்று; வண்டியின் முதுகெலும்பையே அரிக்கும் நோய். மேலே புதுவண்ணம் பூசியிருந்தால் கண் ஏமாறும். ஆதலால் வண்டியை ஒரு பக்கம் ஜாக்கினால் உயர்த்தச் செய்து, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இறுகினாலோ, இடைவெளி மாறினாலோ, அந்த வண்டியை விட்டு விலகுவதே நலம்.

அடுத்து, மழைநீர். துணிக்கூரையின் மேல் விழும் நீர் அதன் பின்னோரத்திலுள்ள குழாய்கள் வழியே கீழிறங்க வேண்டும். மரநிழலில் நிறுத்தப்படும் வண்டியில் சருகும் மண்ணும் சேர்ந்து அக்குழாய்களை அடைத்துவிடும். அடைபட்ட நீர் எங்கே போகும்? எம்.எக்ஸ். 5இன் முதற் தலைமுறையில் அது கதவடி இரும்பினுட் புகுந்து துருவை விளைவித்தது. பி.எம்.டபிள்யூ. இசட் 4இன் முதற் தலைமுறையிலோ, கூரையை மடக்கும் மோட்டார் அந்த வடிகாலின் அருகிலேயே அமைந்திருந்தமையால், நீரில் மூழ்கிச் செயலிழந்தது. பல கார்களில் மின்னணுப் பெட்டிகள் ஆசனத்தின் கீழேயே இருக்கின்றன. அவை நனைந்தால் சம்பந்தமில்லாத நூறு கோளாறுகள் தோன்றும். கண்டியின் மழையை நாம் அறிவோம். ஆதலால் வெயில் நாளில் வண்டி பார்க்கச் செல்லாதீர்கள். மழை பெய்த மறுநாட் காலையில் செல்லுங்கள். தரைவிரிப்பைத் தூக்கிக் கையால் தடவுங்கள். பூஞ்சண நாற்றம் இருக்கிறதா என்று கவனியுங்கள். கூரையை மூன்று முறையேனும் திறந்து மூடச் சொல்லுங்கள். முதன்முறை இயங்கியது மூன்றாம் முறை தயங்கினால், அதன் எண்ணெய்க் குழாயிலோ மோட்டாரிலோ குறை உண்டென்று கொள்ளலாம்.

இனி எஞ்சின். நீங்கள் வருமுன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருக்கும் விற்பனையாளரிடம் எச்சரிக்கையாக இருங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். முதலில் தொடக்கும்போது சில கணம் சங்கிலி உரசுவது போன்ற ஓசை எழுகிறதா, நீலப்புகை வருகிறதா என்று பாருங்கள். நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிவதன் அடையாளம். டர்போ பொருத்திய வண்டியில் அந்த டர்போ தேய்ந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். ஒவ்வோர் எஞ்சினுக்கும் பேர்பெற்ற ஒரு பலவீனம் உண்டு. போர்ஷே பொக்ஸ்டரின் முதற் தலைமுறைகளில், எஞ்சினின் உள்ளே சுழலும் இடைத்தண்டின் பெயரிங் உடைந்து எஞ்சின் முழுவதும் பாழானது உண்டு. வாங்கக் கருதும் வகையின் பலவீனத்தை முன்கூட்டியே அறிந்து, அது திருத்தப்பட்டதற்கான பற்றுச்சீட்டைக் கேளுங்கள். வாய்மொழி போதாது.

எரிபொருளையும் மறவாதீர்கள். உயர்வேக எஞ்சின்களிற் பல 95 ஒக்டேன் பெற்றோலையோ அதற்கு மேற்பட்டதையோ வேண்டுவன. செலவைக் குறைக்க முன்னவர் நெடுங்காலம் 92 ஒக்டேனையே ஊற்றி வந்திருந்தால் எஞ்சினின் ஆற்றல் குன்றியிருக்கும். உள்ளே தட்டும் ஓசையும் சேதமும் உண்டாகியிருக்கலாம்.

வெப்பம் மற்றொரு பகை. கண்டியிலிருந்து மஹய்யாவ வழியாகக் கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் பாதையில் மாலை நெரிசலில் அகப்பட்டவர்களுக்கு, வண்டி ஊர்ந்து செல்வது எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. ஓடும் வண்டிக்குக் காற்று கிடைக்கிறது; நிற்கும் வண்டிக்கு மின்விசிறியே துணை. ஆகவே அந்த நெரிசலிலேயே ஓட்டிப் பாருங்கள். வெப்பமுள் நடுவில் நிற்கிறதா, மேலே ஏறுகிறதா என்று கவனியுங்கள். எஞ்சின் ஆறிய பின்னரே குளிர்விப்பு நீரின் மூடியைத் திறக்க வேண்டும். அந்நீரில் துரு நிறமோ எண்ணெய்ப் படலமோ இருத்தல் ஆகாது. பிறகு ஏற்றமொன்றில் உயர்ந்த கியரில் விசையை அழுத்துங்கள். எஞ்சினின் சுழற்சி மட்டும் கூடி, வண்டியின் வேகம் கூடாதிருந்தால் கிளச் தேய்ந்துவிட்டது.

இப்போது என் நண்பரின் பிரேக்கிற்கு வருவோம். அதில் விந்தை ஏதுமில்லை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 என்னும் வகை, புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியஸ் வரையேனும் கொதியாமலிருக்கும். ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 155 பாகை வரை தாழலாம். நீண்ட இறக்கத்திற் பிரேக்கை ஓயாது மிதிக்கும்போது எழும் வெப்பத்தால் அந்த எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழாகிறது. குமிழ் அமுங்கும், பிரேக்கோ பிடியாது. இரண்டாண்டுக்கொருமுறை மாற்ற வேண்டிய எண்ணெய், அந்த வண்டியில் எத்தனை ஆண்டு கிடந்ததோ!

ஈண்டு ஓர் உண்மையையும் சொல்லுதல் வேண்டும். "குறைவாக ஓடிய வண்டி" என்று விற்பனையாளர் பெருமையோடு கூறுவதுண்டு. திறந்த கார் பலருக்கு இரண்டாவது வண்டி. மாதக்கணக்கிற் கராஜிலேயே உறங்கும். உறங்கும் வண்டியும் மூப்படைகிறது. இரப்பர் வளையங்கள் உலர்கின்றன, மின்கலம் தளர்கிறது, டயர் வெடிப்புறுகிறது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். பள்ளம் ஆழமாகத் தோன்றினும் பழைய டயரை நம்பி மலைப்பாதையில் விரைதல் தகாது.

இறுதியாக, பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். லீசிங் நிறுவனத்தின் உரிமை இன்னும் நீங்காதிருக்கிறதா என்றும் பாருங்கள். விற்பவருக்கு வேண்டப்படாத மெக்கானிக் ஒருவரை உங்கள் செலவிலேயே அழைத்துச் செல்லுங்கள். கைவசமுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல் ஐந்தில் ஒரு பங்கையேனும் முதலாண்டுப் பழுதுகளுக்கென ஒதுக்கி வையுங்கள். அவ்வாறு ஒதுக்க இயலாதெனில் அந்த வண்டி உங்கள் வசதிக்கு அப்பாற்பட்டது என்று கொள்வதே விவேகம்.

என் நண்பர் அந்தக் காரை விற்றுவிடவில்லை. எண்ணெயை மாற்றினார்; பிரேக் கட்டைகளையும் புதுப்பித்தார்; வடிகால்களைத் துப்புரவாக்கினார். மழையற்ற மாலைகளிற் கூரையை மடக்கிவிட்டு அவர் செல்வதை மஹய்யாவையில் இன்றும் காணலாம். ஆனால் வீட்டு வாயிலைத் தாண்டுமுன் அவர் தவறாது செய்யும் செயல் ஒன்றுண்டு. எஞ்சினைத் தொடக்கி, அதன் ஓசைக்குச் செவிகொடாமல், முதலிற் பிரேக்கை மும்முறை மிதித்துப் பார்க்கிறார்.