கேட்டு எழுதும் வரலாறு

இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானியர், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதையை அமைத்தனர். 1942இல் தொடங்கிய பணி 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கு உழைத்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் பலர் ஊர் திரும்பி நூல் எழுதினர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழருள் எழுதியவர் மிகச் சிலரே. மீண்டு வந்தோரிடம் யாரேனும் சென்று கேட்டாலன்றி அவர்தம் வரலாறு கிடைக்க வழியில்லை. நிகழ்வைத் தம் வாழ்வில் கண்டவரையே பேசச் செய்து, அக்குரலைப் பதிந்து காப்பதே வாய்மொழி வரலாறு. சிங்கப்பூர் அரசு இதற்கென 1979இல் தனி அமைப்பை நிறுவியது. போர்க்காலத்தைக் கடந்து வந்தோர், பிற நாடுகளிலிருந்து குடியேறியோர் ஆகியோரின் குரல்கள் அங்குக் காக்கப்படுகின்றன.

அத்தகைய குரல்கள் கொங்கு நாட்டுக்கு அருகிலும் உண்டு. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையின் இந்திய வம்சாவளித் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வகைசெய்தது. தலைமன்னாரில் கப்பலேறி வந்தோருள் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தனர். 1983க்குப் பின் ஏதிலியராய் வந்தோருக்கு ஈரோடு மாவட்டத்தில் பவானிசாகர், அரச்சலூர் ஆகிய இடங்களில் முகாம்கள் அமைந்தன. இவர்கள் எதை விட்டுவந்தனர், எதைக் கையில் எடுத்துவந்தனர் என்பன ஒப்பந்தத் தாள்களில் இல்லை.

பதிவுக்குச் செல்வோர் முதலில் ஒப்புதல் பெற வேண்டும். பெயரை வெளியிடலாமா, குரலை யார் கேட்கலாம் என்பதைப் பேசுபவரே முடிவுசெய்வார். மின்விசிறியை நிறுத்திவிடுவது நலம். அதன் இரைச்சல் முதியவரின் தாழ்குரலை விழுங்கிவிடும். ‘துன்பப்பட்டீர்களா?’ என்று வினவினால் ‘ஆம்’ என்பதோடு பேச்சு நின்றுபோகும். ‘கப்பலேறிய அன்று விடியலில் என்ன செய்தீர்கள்?’ என்று வினவினால் அந்நாள் முழுவதும் விரியும். போர்முனை கண்ட முன்னாள் படைவீரர் சில இடங்களில் பேச்சை நிறுத்துவார். அந்த மௌனத்தை உடனே அடுத்த வினாவால் நிரப்பலாகாது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை ‘லயம்’ என்றும், காலையில் வேலைக்குக் கூடுமிடத்தைப் ‘பெரட்டுக்களம்’ என்றும் மலையக மக்கள் சொல்வர். தமிழாசிரியர்களாகிய எங்களுக்குத் திருத்தும் பழக்கம் மிகுதி. ஆனால் இங்கே அச்சொற்களைத் திருத்துவதுதான் பிழை.

நினைவு சில வேளைகளில் இடத்தையும் காலத்தையும் மாற்றிச் சொல்லும். 1970களில் வந்த ஒருவர், தாம் தனுஷ்கோடியில் இறங்கியதாகக் கூறக்கூடும். தனுஷ்கோடியோ 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்துபோனது. அதன்பின் கப்பல்கள் இராமேசுவரத்துக்கே வந்தன. அதனால் அவர் பொய் சொல்கிறார் என்று கொள்ள வேண்டா. பாட்டனார் தனுஷ்கோடி வழியாக இலங்கைக்குப் போன கதையை இளமையில் கேட்டுக்கேட்டு, அதைத் தம் பயணத்தோடு இணைத்திருக்கலாம். அப்பிழையே ஒரு குடும்பத்தின் இருவழிப் பயணத்துக்கும் சான்றாகிறது. பதிவில் அவர் சொன்னபடியே இருக்கட்டும். உண்மை நிலையை அடிக்குறிப்பில் தருவதே முறை. கடவுச்சீட்டைப் பாதுகாத்து வைத்திருந்தால் எடுத்துக் காட்டுமாறு வேண்டலாம். முத்திரையிலுள்ள நாளை அவரோடு சேர்ந்து படிக்கும்போது, அதுவரை சொல்லாத ஒன்றை அவர் சொல்லத் தொடங்குவதும் உண்டு.